நாலாம் சந்தின் தொட்டாச்சிணுங்கி

கோயம்புத்தூர் கணபதியில் நாலாம் சந்து என்று ஒன்று உண்டு, மூன்றாம் சந்து எங்கே இருக்கிறது என்று கேட்டால் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை, அந்த நாலாம் சந்தில் பதினாறு பட்டறைகள் ஒன்றின் முதுகில் ஒன்று சாய்ந்துகொண்டு காலை எட்டரையிலிருந்து இரும்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும், அவற்றில் பதினோராவது திருமூர்த்தியினுடையது, அந்தப் பட்டறையில்தான் ஒரு வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, வசந்தாமணி பூட்டிக் கொடுத்த டச் ப்ரோப், ஒன்றுமே இல்லாத இடத்தில் எதையோ தொட்டுவிட்டு நின்றது.

வசந்தாமணி பட்டறை பட்டறையாகப் போய் மெஷின்களுக்கு வயரிங் செய்து கொடுக்கிறவள். நாற்பத்தொரு வயது. ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் எப்போதும் டூல் பை இருப்பதால் கால் இரண்டையும் வெளியே அகட்டி வைத்துக்கொண்டுதான் ஓட்டுவாள். பதினெட்டு வருடத்தில் தான் பூட்டிய ஒரு வயர்கூடத் தானாகக் கழன்றதில்லை என்பதைக் கேட்டவர்களிடம் சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள்.

டச் ப்ரோப் என்பது ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, அதன் நுனியில் கடுகளவு ஒரு கெம்பு உருண்டை. கம்ப்யூட்டர் சொல்கிறபடி ஓடுகிற மில்லிங் மெஷினில், கட்டர் மாட்டுகிற இடத்தில் அதை மாட்டி மெதுவாக இறக்கினால், கீழே இருக்கும் பொருளை உருண்டை தொட்ட மாத்திரத்தில் மெஷின் நின்றுவிடும், தொட்ட இடம் ஸ்கிரீனில் எண்ணாக வந்துவிடும். கண் தெரியாதவர் கைத்தடியால் படியைத் தேடுகிற மாதிரிதான். சந்துக்காரர்களுக்கு அந்த இங்கிலீஷ் பேர் வாயில் நுழையவில்லை. பட்டால் நின்றுவிடுகிறது என்று கேள்விப்பட்டதும் தொட்டாச்சிணுங்கி என்று வைத்துவிட்டார்கள்.

அன்றைக்கு அவள் பழுப்பு வயரை இருபத்துநாலு வோல்ட்டில் கொடுத்தாள், நீலத்தைப் பூஜ்யத்தில் கொடுத்தாள், கறுப்பை சிக்னலில் கொடுத்தாள். வயர்களைச் சுற்றியிருக்கும் ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் பூட்டினாள், ஏனென்றால் இரண்டு முனையிலும் பூட்டினால் மோட்டாரின் இரைச்சலெல்லாம் அதற்குள் புகுந்து ப்ரோப் சாமி வந்த மாதிரி ஆடும். வயர் அறுந்துபோனால் மெஷின் நிற்க வேண்டுமே தவிர ஓடக்கூடாது என்று கண்ட்ரோலரிலும் அதற்குத் தக்கபடி மாற்றி வைத்தாள். எல்லாம் முடித்து, மெஷின் ஓட்டும் திகம்பரிடம் இறக்கிப் பார்க்கச் சொன்னாள். திகம்பர் ஒடிசாக்காரன், நான்கு வருடத்துக்கு முன்னால் வந்து தமிழ் கற்றுக்கொண்டவன், எல்லா வார்த்தைக்குப் பின்னாலும் ‘ங்க’ போட்டால் அதுதான் தமிழ் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மெஷின் மேசை கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி காலியாக இருந்தது. ப்ரோப் இறங்கியது, இறங்கியது, மேசைக்கு எண்பத்தாறு மில்லிமீட்டர் மேலேயே, வெறும் காற்றில், சிவப்பு விளக்கு எரிய நின்றது.

“தொட்ருச்சுங்க,” என்றான் திகம்பர்.

வசந்தாமணி கேபிளை மாற்றினாள், மோட்டார் வயரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓட்டினாள், மீட்டர் வைத்துப் பார்த்தாள். விரலால் கெம்பைத் தட்டினால் விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது, குறை ஒன்றும் இல்லை. பத்து மில்லிமீட்டர் தள்ளி இறக்கினால் அங்கேயும் எதையோ தொட்டது, இன்னும் தள்ளி இறக்கினால் தொடாமல் மேசைவரை போனது. சரி, எங்கேயெல்லாம் தொடுகிறது என்று பார்ப்போம் என்று கிராஃப் பேப்பரில் குறித்துக்கொண்டே போனபோது, நடுவில் பெரிய ஓட்டையும் சுற்றிலும் ஆறு சின்ன ஓட்டைகளுமாக வட்டமாய் ஒரு சாமான் பேப்பரில் வந்து உட்கார்ந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பம்பு கம்பெனியிலிருந்து அவசர வேலையென்று வந்து மேசைமேல் ஏறிய, குழாயை இணைக்கிற ஃபிளாஞ்சுக்கு நடுவில் பெரிய ஓட்டை ஒன்றும் சுற்றிலும் ஆறு ஓட்டைகளும் இருந்தன, உயரம் எண்பத்தாறு மில்லிமீட்டர்.

இப்படித்தான் அந்தத் தொட்டாச்சிணுங்கி ஒவ்வொரு சாயங்காலமும் மறுநாள் அந்த மேசைமேல் ஏறப்போகிற சாமானைத் தொட ஆரம்பித்தது, சந்தும் ஒரு வாரத்துக்குள் அதற்குப் பழகிப்போனது. ஐந்தரை ஆனால் பட்டறைக்காரர்கள் கை துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்கள், டீக்கடை அபுபக்கர் பாய் அந்த நேரத்துக்கென்று ஒரு ஈடு வாழைக்காய் பஜ்ஜி கூடுதலாகப் போடுவார், வார்ப்படக்காரர் லூர்து என்ன உருவம் வருகிறதென்று பார்த்துவிட்டுப் போய் அதற்குத் தக்க மண்ணைப் பிசைந்து வைப்பார். கொஞ்ச நாளில் குறையும் சொல்ல ஆரம்பித்தார்கள். நாளைக்கு வருகிற சாமான் தெரிகிறது சரி, நாளைக்குக் கரண்டு எத்தனை மணிக்குப் போகும் என்று தெரிந்தால் அல்லவா உபயோகம் என்றார் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறதே, அதற்கும் லீவா என்றார் இன்னொருவர்.

ஒருநாள் நீள்வட்டமாக, உடம்பெல்லாம் முள்முள்ளாக ஒன்றைத் தொட்டது. சூடு தணிக்கிற பாகம் என்று ஒருவரும், ராணுவத்துச் சாமான், வெளியே பேசாதீர்கள் என்று இன்னொருவரும் சொல்லி, சந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குக்கூட நேரத்துக்குப் போகாமல் வாதம் பண்ணியது. மறுநாள் பண்ருட்டியிலிருந்து வந்த திருமூர்த்தியின் மச்சினன், வைக்க வேறு இடமில்லாமல், தான் கொண்டுவந்த பலாப்பழத்தை அந்த மேசைமேல்தான் வைத்தான்.

இத்தனையிலும் வசந்தாமணி ஒருத்திக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. ஊரெல்லாம் அதை அதிசயம் என்றது, அவள் அதை ஃபால்ட் என்றாள். இல்லாததைத் தொடுகிற ப்ரோப் ப்ரோப்பே இல்லை, வேலை முடிந்தது என்று தன் நோட்டில் எழுத மாட்டேன் என்று சொல்லி, மற்ற இடங்களில் வேலையை முடித்துக்கொண்டு தினமும் சாயங்காலம் வந்து பேனல் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டுக்கொண்டு நிற்பாள். எங்கே சரி பண்ணித் தொலைத்துவிடப் போகிறாளோ என்ற பயத்தில் சந்துக்காரர்கள் அவளுக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார்கள்.

ஆனி மாதம் ஒரு புதன்கிழமை, தொட்டாச்சிணுங்கி ஒரு கையைத் தொட்டது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. உயரம் முப்பது மில்லிமீட்டர்கூட இல்லை, பரந்து கிடந்தது. ஃபிளாஞ்சுக்கும் பெட்டிக்கும் மெஷினிலேயே ப்ரோக்ராம் இருந்தது, இதற்கு இல்லை. அதனால் வசந்தாமணி கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, பக்கவாட்டில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுத் தொட்டு, கிராஃப் பேப்பரில் பென்சிலால் வைத்துக்கொண்டே வந்தாள். கட்டைவிரல் வந்தது, மணிக்கட்டு வந்தது, சுண்டுவிரல் வந்தது. கவிழ்த்து வைத்த வலது கை. ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் கோடு ஒரு கணுவோடு நின்றுபோயிருந்தது.

பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்தினார்கள். மெஷின் மேசையில் கை என்றால் அதற்கு அர்த்தம் அந்தச் சந்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். பத்து விரலும் முழுசாக வைத்திருக்கிறவர்கள் அங்கே முக்கால்வாசிப் பேர்தான். யாருடைய கை என்று பார்த்துவிடுவோம் என்று லூர்து வெர்னியரை எடுத்துவந்தார், பதினாறு பட்டறைக்காரர்களும் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்று கையை நீட்டினார்கள், அபுபக்கர் பாயும் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். இடது கையில் விரல் போனவர்கள் மூன்று பேர் இருந்தார்கள், வலது மோதிர விரல் போனவர் ஒருவர் இருந்தார், வலது ஆள்காட்டி போனவர் யாரும் இல்லை.

அப்படியானால் நாளைக்குத்தான் போகப்போகிறது என்று திகம்பர் நினைத்தான், அந்த மேசையில் தினமும் கை வைக்கிறவன் அவன்தான். இரண்டு கையையும் பாண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டவன், டீயைக்கூட பாய் தூக்கிப் பிடிக்க அப்படியே வாயை வைத்துக் குடித்தான்.

மற்றவர்களுக்கு இன்னொரு கை ஞாபகம் வந்துவிட்டது, ஆனால் திருமூர்த்தி முன்னால் நின்றதால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அது அவருடைய அண்ணன் அமணலிங்கத்தின் கை. திருமூர்த்தி மலையின் பேரைத் தம்பிக்கும் மலையடிவாரத்துச் சாமியின் பேரை அண்ணனுக்குமாக வைத்துப் பெற்றவர்கள் பிரியாமல் வளர்த்த பிள்ளைகள். பதினோரு வருடத்துக்கு முன்னால் இருவரும் இதே ஷெட்டில் ஒரே பிரஸ்ஸில் தகடு அடித்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் கை உள்ளே இருக்கையிலேயே தம்பியின் கால் பெடலில் பட்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் ஆட்டோவில் தம்பி, ஏன் கைய உள்ளே வெச்சே, ஏன் கைய உள்ளே வெச்சே என்று திட்டிக்கொண்டே போனார். அது பயத்தில் வந்த திட்டு, ஆனால் விரலைக் கர்ச்சீப்பில் சுற்றி மடியில் வைத்திருந்தவருக்கு அது திட்டாக மட்டும்தான் கேட்டது. கட்டுப் பிரித்த அன்றே அமணலிங்கம் தன் பங்குச் சாமான்களை ஏற்றிக்கொண்டு சின்னவேடம்பட்டிக்குப் போய்த் தனிப் பட்டறை போட்டுவிட்டார். அதற்கப்புறம் கல்யாணத்தில் பார்த்தால் ஒருவர் பந்திக்குப் போவார், மற்றவர் வெளியே போவார்.

கடைசியில் திருமூர்த்தியே வாயைத் திறந்தார். “நாளைக்கு என்ற வெரலே போனாலும் போகுமே தவிர, அவன் இங்க வரமாட்டானுங்க. அம்மிணி, அந்த வயரக் கழட்டி வீசுங்க.”

ஒரு மாதமாகக் கழற்ற விடாமல் பஜ்ஜி வாங்கிக் கொடுத்த சந்து மொத்தமும் இப்போது ஆமாம் ஆமாம் என்றது. வசந்தாமணி கிராஃப் பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். “கழட்டுனா நமக்குத் தெரியாமப் போகும், அவ்வளவுதானுங்ணா. வர்ற கை வரத்தான் போகுது,” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

முதலில் வீட்டுக்குப் போய்விட்டு, சின்னவேடம்பட்டிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அமணலிங்கம் பட்டறை வாசலில் விளக்கடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், நீங்கள் ஐந்தாவது ஆள் என்றார். லூர்து வந்துவிட்டுப் போயிருந்தார், பாய் வந்துவிட்டுப் போயிருந்தார், இன்னும் இருவர் யாருக்கும் தெரியாமல் தனித்தனியாக வந்து, போகிற வழியில் ஒருவரையொருவர் பார்த்துக் காறித் துப்புகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லோரிடமும் சொன்னதைத்தான் உங்களிடமும் சொல்கிறேன், நாளைக்கு நான் வீட்டைவிட்டே வெளியே வரப்போவதில்லை, எந்த மெஷின் என்னை என்ன பண்ணிவிடும் பார்க்கிறேன் என்றார்.

வசந்தாமணி கிராஃப் பேப்பரை நீட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர் அதைப் பார்த்தார். நின்றுபோன விரலின் மேல் பார்வை கொஞ்ச நேரம் தங்கியது. பிறகு மற்ற விரல்களைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், முகம் சிவந்தது.

“இதென்ன சுண்டுவெரலா, நேந்திரம்பழமா? இது என்ற கையில்ல. யாரு எடுத்த அளவு இது?”

அமணலிங்கம் டூல் செய்கிறவர், மைக்ரானில் வாழ்கிறவர். தம்பியோடு சண்டை என்பதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருந்தார், தன் கையை இத்தனை தப்பாக அளந்ததைப் பொறுக்க முடியவில்லை. வசந்தாமணிக்கும் ரோஷம் வந்துவிட்டது. பதினெட்டு வருட சமாச்சாரத்தை அவரிடமும் சொன்னாள். அளவு எடுத்தது நான்தான், அளவு சரிதான், தப்பென்று பேப்பரை வைத்துச் சொல்லக்கூடாது, மெஷின்மேல் வைத்துத்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு, பேப்பரை வாங்கிக்கொண்டு திரும்பினாள். சொல்லும்போது அவருடைய வரவைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை, தன் அளவைப் பற்றித்தான் நினைத்தாள், இதைப் பின்னால் அவளே ஒத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை திருமூர்த்தி பட்டறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை அண்டர்வேர் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு அந்த மேசையில் எந்தக் கையும் படப்போவதில்லை, அதிசயமெல்லாம் அவரிடம் செல்லாது. லீவு கொடுத்தும் திகம்பர் வந்திருந்தான், ரூமில் தனியாக இருந்தால் இன்னும் பயமாக இருக்கிறதுங்க என்று சொல்லி, பாக்கெட்டில் கைகளோடு அவர் பக்கத்தில் நின்றான். மற்ற பதினைந்து பட்டறைகளும் திறந்திருந்தன, ஒன்றிலும் சத்தம் இல்லை. வசந்தாமணியும் வேறு வேலைக்குப் போகாமல் கிராஃப் பேப்பரோடு வந்து நின்றாள்.

பதினோரு மணிக்கு சந்து முனையில் ஒரு மொபெட் திரும்பியது. அமணலிங்கம் இறங்கி ஸ்டாண்டு போட்டார், தம்பி பக்கம் திரும்பாமல் வசந்தாமணியிடம், மெஷின் ஓனர் கதவைத் திறப்பாரா என்று கேளுங்கள், ஒரு தப்பான அளவைத் திருத்திவிட்டுப் போய்விடுகிறேன் என்றார். இரண்டடி தூரத்தில் இருந்த திருமூர்த்தியும் வசந்தாமணியைப் பார்த்து, திறக்க முடியாதென்று சொல்லுங்கள் என்றார். அவள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி இரண்டையும் சொன்னாள். அண்ணன் ஏனென்று கேட்டார். அதையும் அவள் திருப்பிச் சொன்னாள்.

திருமூர்த்தி நாற்காலியைவிட்டு எழுந்தார், இந்தத் தடவை வசந்தாமணியைப் பார்க்கவில்லை.

“அந்தக் கைய இன்னொருக்கா நா மெஷின்ல வெக்க விடமாட்டேன்.”

அமணலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

வசந்தாமணிதான் வழி கண்டுபிடித்தாள். சாவியைக் கொடுங்கள், நான் மட்டும் உள்ளே போகிறேன் என்று கேட்டு வாங்கிப் போனவள், பேனலைத் திறந்து, கட்டரைச் சுற்றுகிற ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகிற மூன்று ஃபியூஸ்களையும் பிடுங்கிக்கொண்டு வந்து திருமூர்த்தியின் உள்ளங்கையில் வைத்தாள். இனி அந்த மெஷினில் சுற்றுகிறது என்று ஒன்றும் கிடையாது, கைச்சக்கரத்தைச் சுற்றினால் ஒரு சொடுக்குக்கு ஒரு நூலிழை நகரும், தொட்டால் நின்றுவிடும், நான் பொறுப்பு என்றாள். அவர் அந்த மூன்றையும் கோயில் பிரசாதம் மாதிரி இறுக்கி மூடிக்கொண்டார். பிறகு தள்ளி நின்று வழி விட்டார்.

அமணலிங்கம் மேசைமேல் வலது கையைக் கவிழ்த்து வைத்தார். ஜன்னலிலும் கதவிலும் தலைகள் முளைத்தன. வசந்தாமணி சக்கரத்தைச் சுற்ற, கெம்பு உருண்டை சுண்டுவிரலின் ஒரு பக்கத்தைத் தொட்டு விளக்கு எரிந்தது, மறுபக்கத்தைத் தொட்டு விளக்கு எரிந்தது. ஸ்கிரீனில் வந்த எண்களும் நேற்று அவள் பேப்பரில் எழுதியிருந்த எண்களும் ஒரு புள்ளிகூட மாறாமல் ஒன்றாக இருந்தன. சந்து மூச்சை விட்டது. ஆனால் அமணலிங்கம் இடது கையால் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய வெர்னியரை எடுத்து வசந்தாமணியிடம் கொடுத்து, இப்போது இதில் அளந்து பாருங்கள் என்றார். அளந்தாள். மெஷின் சொன்னதைவிட விரல் சரியாக இரண்டு மில்லிமீட்டர் ஒல்லியாக இருந்தது.

அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, காது மடல்வரை சுட்டது. கெம்பு உருண்டையின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர். தொடும்போது மெஷின் காட்டுவது உருண்டையின் நடுப்புள்ளியை, விரலின் ஓரத்தை அல்ல, அதனால் பக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டராகக் கழிக்க வேண்டும். ப்ரோக்ராம் இருந்தால் கண்ட்ரோலரே கழித்துவிடும், நேற்று கைக்கென்று ப்ரோக்ராம் இல்லாமல் கைப்படக் குறித்தவள் கழிக்க மறந்துவிட்டாள். பதினெட்டு வருடத்தில் முதல் தப்பு.

“அண்ணன் சொன்னது சரிங்க. உருண்டையக் கழிக்காம உட்டுட்டேன்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். கை அவருடையதுதான், அளவு தப்புதான், ஆகவே இருவரும் ஜெயித்துவிட்டார்கள் என்று வெளியே லூர்து தீர்ப்புச் சொன்னார். திகம்பர் இரண்டு கைகளையும் பாக்கெட்டிலிருந்து எடுத்து, பத்து விரலையும் விரித்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வந்த வேலை முடிந்துவிட்டது, அமணலிங்கம் கையை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இன்னும் ஒரு விரல் பாக்கி இருக்கிறதே என்றார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. வசந்தாமணி சக்கரத்தைப் பிடித்தாள், பிடித்த கையின்மேல் இன்னொரு கை வந்து தயங்கியது. அவள் நகர்ந்துகொண்டாள். திருமூர்த்தி ஃபியூஸ்களை இடது கையில் பிடித்துக்கொண்டே வலது கையால் சக்கரத்தைச் சுற்றினார். ஒரு சொடுக்கு. நின்று, அண்ணன் முகத்தைப் பார்த்தார். இன்னொரு சொடுக்கு. முப்பது வருடமாக மெஷின் ஓட்டுகிற மனுஷன், இத்தனை மெதுவாக அவர் எதையும் ஓட்டி அந்தச் சந்து பார்த்ததில்லை. கடுகளவு சிவப்பு உருண்டை அந்த மொட்டை விரலின் நுனிக்கு வந்து, ஒரு தூசி உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது. மெஷின் நின்றது.

“வலிக்குதாண்ணா?”

ஆட்டோவில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அமணலிங்கம் அதில் இருந்த எண்ணைப் படிக்கிறவர் மாதிரி ஸ்கிரீனைப் பார்த்தார்.

“மழை வந்தா மட்டும்,” என்றார்.

தம்பி தலையை ஆட்டினார், சக்கரத்தைவிட்டுக் கையை எடுக்கவில்லை, அண்ணனும் மேசையைவிட்டுக் கையை எடுக்கவில்லை. வசந்தாமணி வெளியே வந்து ஷட்டரைப் பாதிக்கு இறக்கினாள். என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்தவர்களிடம், இன்னும் அளவு எடுத்து முடியவில்லை, நேரமாகும் என்று சொன்னாள். நாலாம் சந்து கலைந்து போகவில்லைதான், ஆனால் லேத்தைக்கூடப் போடாமல், பேசாமல், அவர்கள் எடுத்து முடிக்கட்டும் என்று நின்றது.